நூற்றெழுபது மில்லிமீட்டர்

ஜீப் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் வெகுகாலம் வரை வண்டி என்று அர்த்தம் இருந்ததில்லை; அதிகாரம் என்றுதான் அர்த்தம். அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் "ஜீப் வந்திருக்குது" என்று யாராவது சொன்னால், தாசில்தாரா, ரேஞ்சரா, போலீஸா என்பதுதான் அடுத்த கேள்வி. பதில் வருவதற்குள் ஆண்களில் சிலர் கரட்டுப் பக்கம் போயிருப்பார்கள். 1980இல் தர்மபுரி, வட ஆர்க்காடு மாவட்டங்களில் நக்ஸலைட் வேட்டை நடந்தபோது (கிருஷ்ணகிரி அன்றைக்கு தர்மபுரி மாவட்டம்; தனி மாவட்டமானது 2004இல்) அந்தச் சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் கனம் கூடியது. அப்புறம் அதிரடிப்படை. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு மேலாக ஜீப்புகள் தேடிக்கொண்டிருந்த வீரப்பன் காட்டில் நடந்தே திரிந்தான் என்பதையும், 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் அவன் சுடப்பட்டது ஆம்புலன்ஸ் வேஷம் போட்ட ஒரு வேனில் ஏறிய பிறகுதான் என்பதையும், வாகனங்களைப் பற்றி யோசிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஜீப்தான் இப்போது சாதாரண மனிதனின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பெயர் வேறு, உருவம் பெரிது, விலை பத்து லட்சத்தில் ஆரம்பித்து ஐம்பதைத் தாண்டுகிறது. அத்திப்பள்ளி எல்லையைக் காலையில் தாண்டும் வரிசையில் நிற்பவற்றில், நாலு வருஷத்துக்கு முன் பார்த்ததைவிட, அவை கூடிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒரே ஆள். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறார். வழி முழுக்கத் தார்.

முந்நூறு பிரதி அச்சாகிற ஒரு பத்திரிகையில் கார் எதற்கு என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாவனையைப் பற்றி நாம் இத்தனை வருஷம் எழுதியிருக்கிறோம். கவிதையில் பாவனை, விமர்சனத்தில் பாவனை, துக்கத்தில் பாவனை. அதுவே இரும்பில் செய்யப்பட்டு, தவணையில் விற்கப்பட்டு, நம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும்போது அது நம் விஷயமல்ல என்று இருப்பது சரியாகப் படவில்லை. தவிர, சிப்காட்டில் ஒரு துணைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் பல்சக்கரம் வெட்டியவன் நான். பல்சக்கரத்தைப் பற்றி எனக்குக் கவிதையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப்பை 1947இலிருந்து மஹிந்திரா கம்பெனி இங்கே பூட்டி விற்றது. எஞ்சினின் விசை நாலு சக்கரங்களுக்கும் போகும் என்பதுதான் அதன் விசேஷம். சேற்றில், மணலில், சரளை மேட்டில் இரண்டு சக்கரம் சுழன்றுகொண்டு நிற்குமிடத்தில் மற்ற இரண்டும் இழுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஷோரூமில் அதை அதிகம் பேசுவதில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் போகிற தூரமும் பின்சக்கரங்கள் போகிற தூரமும் ஒன்றல்ல. முன்னையும் பின்னையும் ஒரே வேகத்தில் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் எங்கேயாவது போய்த் தீர்ந்தாக வேண்டும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், பல் அடிவாங்கும். நடுவில் தனியாக ஒரு டிஃபரன்ஷியல் வைத்த வகைகள் வேறு கணக்கு. ஆனால் மலையேறுவதாகச் சொல்லி நம் ஊரில் விற்கிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த லீவரை நல்ல ரோட்டில் இரண்டு சக்கரத்திலேயேதான் வைத்திருக்க வேண்டும். அதாவது ஓசூரிலிருந்து பெங்களூருக்கும், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், தேசிய நெடுஞ்சாலை 44 முழுக்கவும், முன்பக்கத்து ஷாஃப்டும் அதன் பற்களும் வேலையில்லாத மாப்பிள்ளை மாதிரி கூடவே சவாரி செய்கின்றன.

பிரேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்தக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் உண்டு. மேலுமலைக் கணவாயில் மழையில் இறங்குகிறவனை நிறுத்துவது டயரின் பிடிப்பு. கவிழாமல் காப்பது தாழ்ந்த உடம்பு. உயரமும் எடையும் அங்கே உதவிக்கு வருவதில்லை.

இன்னொரு வேடிக்கை, இப்படித் தோற்றமளிக்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாலு சக்கர இயக்கமே கிடையாது. மஹிந்திராவின் தார், 2020இல் புது உருவத்தில் வந்தபோது, நாலு சக்கர இயக்கத்தோடுதான் வந்தது. அதன் நீளம் 3985 மில்லிமீட்டர்; நாலு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு. மலையை வெல்ல வந்த வண்டி வரிச் சட்டத்துக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டது. 2023 ஜனவரியில் முன்சக்கர இணைப்பை எடுத்துவிட்டு, சிறிய டீசல் எஞ்சினோடு, விலை குறைத்து ஒன்றை விட்டார்கள். ஜனங்கள் காத்திருந்து வாங்கினார்கள். ஆக, சாதாரண மனிதனுக்கு நாலு சக்கர இயக்கம் தேவையா என்ற கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிட்டான். அவன் கேட்டது அதை அல்ல.

எதைக் கேட்டான் என்பதை, எனக்குத் தெரிந்து, நம் இலக்கியவாதிகள் யாரையும்விட ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் துல்லியமாகக் கண்டுபிடித்திருக்கிறது. கூடுதல் வரிக்குரிய பெரிய வண்டி எது என்று வரையறுக்கப் போனவர்கள் மூன்று அளவுகளைச் சொன்னார்கள்: நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சி.சி.க்கு மேல், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. அந்த 170ஐக் காலி வண்டியில்தான் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் தெளிவுபடுத்தினார்கள். எத்தனை சக்கரம் இயங்குகிறது என்று அவர்கள் கேட்கவில்லை. தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு 28 சதவீத வரியும் அதன்மேல் 22 சதவீதத் தீர்வையும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாம் சேர்த்து 40. உயரத்தின் விலை குறைந்திருக்கிறது.

உயரத்துக்கு நியாயம் இல்லாமலில்லை. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு போட்டு வைத்திருக்கிறது. நம் வார்டுகளில் ராத்திரியோடு ராத்திரியாக முளைப்பவை அந்த அளவைக் கேள்விப்பட்டதில்லை. சிப்காட் உள்ரோடுகளில் லாரி போய்ப் போய் விழுந்த பள்ளங்களும் அப்படித்தான். அடி தட்டித் தட்டி ஒருவன் உயரமான வண்டிக்கு ஆசைப்பட்டால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சின்ன காருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு விரற்கடைதான். ரோடு போடவேண்டியவர்கள் போடாததை, ஒவ்வொருவனும் தன் சொந்தத் தவணையில் இரண்டு விரற்கடை உயர்ந்து தீர்த்துக்கொள்கிறான். வாங்க முடியாதவன் பள்ளத்திலேயே இருக்கிறான்.

உண்மையிலேயே கரடுமுரடான வழியில் போகிறவர்கள் எதில் போகிறார்கள்? தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, காடு ஆரம்பிக்கிற இடங்களில் போய்ப் பார்க்கலாம். பால் கேன், கேழ்வரகு மூட்டை, ஆட்டுத்தீவனம், இரண்டு பிள்ளைகள் - எல்லாம் ஏறிப்போவது மொபெட்டில். 1980இல் ஓசூர் ஆலையிலிருந்துதான் டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. அதன் வாரிசு இன்றும் நூறு சி.சி.யில், நூறு கிலோவுக்குள் எடையோடு ஓடுகிறது. இயங்குவது ஒரே ஒரு சக்கரம். வழுக்கினால் ஓட்டுகிறவன் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்கிறான், அவ்வளவுதான். அதுவும் போகாத இடங்கள் உண்டு. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு, தேர்தல் சமயத்தில், வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் போனதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த மலைக்காரர்கள் கேட்டது ரோடு.

வெள்ளம் என்று சொல்வார்கள். 2022 செப்டம்பரில் பெங்களூரின் பெல்லந்தூர்ப் பக்கம் தண்ணீர் ஏறியபோது விலையுயர்ந்த வண்டிகள் வீட்டு நிலவறைகளில் மூழ்கிக் கிடக்க, கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் சரிவில் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு மிதந்து போனதை நாடே பார்த்தது. தண்ணீர் தூக்கிவிட்டால் சக்கரம் தரையைத் தொடாது. தரையைத் தொடாத சக்கரங்கள் நாலாக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் என்ன.

இவ்வளவையும் என்னோடு ஃபிட்டராக இருந்த நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவருடைய மகன் போன வருஷம் நாலு சக்கர இயக்கமுள்ள பெரிய வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறையாவது லீவரை மாற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே எண்ணெய் பரவாது என்று கையேட்டில் போட்டிருக்கிறதாம். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வறண்ட ஏரி எதுவென்று தேடிப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறார்கள். நான் சிரித்தேன். நண்பர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கென்ன அண்ணா, பஸ்ல போயிட்டு வந்துடுவீங்க. உங்களை யாரும் இறங்குன்னு சொன்னதில்லை. எங்கப்பா சைக்கிள் வாங்கின வருஷம், ஊர்த் தெரு முனையில இறங்கி, அந்தக் கோடி வரைக்கும் உருட்டிக்கிட்டே போவாரு. செருப்பு ஹேண்டில்ல தொங்கும். நான் பின்னாலயே நடந்து போயிருக்கேன்."

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது நடந்தது என்பது எனக்குத் தெரியாத சமாசாரமல்ல. நாம் அதைக் கதைகளாகப் படித்திருக்கிறோம். ஆனால் பல்சக்கரக் கணக்குக்குள் அதை நான் கொண்டுவந்ததில்லை. ஜீப்பைக் கண்டு கரட்டுக்கு ஓடியவர்களின் பேரன் ஜீப்புக்குள் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் போய், இது உனக்கு யந்திரவியல் ரீதியாகத் தேவையில்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? தேவை என்ற சொல்லை யார், எந்த உயரத்திலிருந்து சொல்கிறார்கள் என்பதும் அளக்க வேண்டியதுதான். பஸ்ஸில் எளிமையாகப் போவதும் ஒரு சாதிக்குக் கௌரவமாகவும் இன்னொன்றுக்கு வேறுவழியின்மையாகவும் இருந்திருக்கிறது.

ஆனாலும் விஷயம் அங்கே முடிந்துவிடவில்லை. தாழ்ந்த முகப்புள்ள கார் மோதினால் அடி காலில் விழும்; ஆள் பானெட் மேல் சரிவான். உயர்ந்து செங்குத்தாக நிற்கும் முகப்பு நெஞ்சிலோ தலையிலோ அடித்து ஆளைக் கீழே தள்ளும். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ்காரர்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலமோ குறைவோ உயரமுள்ள சரிந்த முகப்புக் காரைவிட, நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்கிறது அது. நம்மவர்கள் இதன் முன்னால் இரும்புக் குழாய் வேறு பூட்டினார்கள். மத்திய சர்க்கார் 2017 டிசம்பரில் அதைக் கூடாது என்றது. பாரீஸில் 2024 பிப்ரவரியில் கனமான வண்டிகளுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கலாமா என்று ஊராரிடம் வாக்குக் கேட்டார்கள். ஆகட்டும் என்றவர்களே அதிகம். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் ஆறு சதவீதம்கூட இல்லை. சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பரிச்சயமான எண்ணிக்கை.

சூளகிரியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் நெடுஞ்சாலையை நடந்து குறுக்கே கடக்கிறவர்கள் யார்? தக்காளி மண்டிக்குப் போகும் பெண்கள், கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். இவர்களில் நண்பரின் உறவுக்காரர்களும் உண்டு. ஒருவனை மேலே ஏற்றிய உயரம் அவன் சித்திக்கு நெஞ்சுக்கு நேரே வருகிறது. இதையும் நண்பரிடம் சொன்னேன். "அது சரிதான் அண்ணா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப முதல்ல யாரு இறங்கணும்?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை. மெர்ஸிடிஸிலும் ஃபார்ச்சூனரிலும் வெகுகாலமாக இருப்பவர்கள்தான் என்று சொல்லலாம். அவர்கள் நம் பத்திரிகையைப் படிப்பதில்லை.

நண்பரின் தாயாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவரின் மனைவி. அந்த வண்டியில் அவரால் ஏற முடிவதில்லை. அதற்காக ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் டிக்கியில் கிடக்கிறது. பேரன் இறங்கி வந்து போடுகிறான், பாட்டி அதில் கால்வைத்து முன்ஸீட்டில் ஏறிக்கொள்கிறாள். பண்டிகைக்குக் கிராமத்துக்குப் போகும்போது ஊர்த் தெரு வழியாகத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாளாம். பேரன் ஹாரன் அடிப்பதில்லை. தெரு குறுகல். வெளிக்கண்ணாடி இரண்டையும் மடக்கிக்கொண்டு, நடக்கிற வேகத்தில்தான் போக முடிகிறது என்றார் நண்பர்.