கைமாவும் நனைந்த ரொட்டியும்

"கொழுப்பை எடுத்துடட்டுமா?" என்று கேட்பார் பெங்களூர் ஜோகுபாளையத்தில் நான் கறி வாங்கும் கடைக்காரர். "வேணாம் பாய், கொஞ்சம் இருக்கட்டும். இது குழம்புக்கு இல்ல." கைமாவை டின்னில் அடைத்துச் சுடும் மீட் லோஃப் செய்கிற நாளில் எங்கள் பேச்சு இப்படித்தான் போகும். வெறும் தொடைக்கறியைக் கொத்தினால் வெந்தபின் வறண்டுவிடும். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு வேண்டும். கைமா பொடியாக இருக்கலாம், விழுதாகிவிடக் கூடாது.

கறியைவிட ரொட்டியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அரைக் கிலோ கைமாவுக்கு முந்தின நாள் ரொட்டி இரண்டு துண்டு. ஓரத்தை நீக்கி, மூழ்கும் அளவு பாலில் ஊறவிட்டுக் கூழாக மசிக்க வேண்டும். சூடு ஏறும்போது கறியின் புரதம் இறுகித் தன் சாற்றையே வெளியே தள்ளும். பாலில் ஊறிய ரொட்டி அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து, இறுக விடாமல் தடுத்து, சாற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். செட்டிநாட்டுக் கோலா உருண்டையில் பொட்டுக்கடலைப் பொடி கறியைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் இந்த மென்மையை அது தராது. வெண்ணெயில் வதக்கி ஆறவைத்த வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், புதினா, ஒரு முட்டை, தாராளமாக மிளகு, உப்பு எல்லாவற்றையும் ரொட்டிக் கூழில் முதலில் கலந்துவிட வேண்டும். கைமாவைக் கடைசியில் போட்டு, விரல் நுனியால் புரட்டினால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் ரப்பராகிவிடும்.

இது வெள்ளைக்காரன் பண்டம், நமக்கெதற்கு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1809இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படையைப் பெங்களூருக்கு மாற்றிக் கண்டோன்மெண்டை அமைத்தார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து தமிழர்கள் சிப்பாய்களாக, கொத்தனார்களாக, கடைக்காரர்களாக, சமையல்காரர்களாக வந்து ஹலசூரிலும் சுற்றுப்புறத்திலும் குடியேறினார்கள். துரைமார் வீட்டு அடுப்படியில் நின்றவர்கள் அவர்களில் பலர்.

'வைவர்ன்' என்ற புனைபெயரில் கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி, மதராஸில் வாழும் ஆங்கிலேயருக்காக 1878இல் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். அதில் வரும் சமையல்காரருக்குப் பெயர் ராமசாமி. எந்த வீட்டுச் சமையல்காரரானாலும் ராமசாமிதான். வீட்டுக்கு வெளியே புகை படிந்து கிடக்கும் சமையல் கொட்டகையை நூலாசிரியரே குறை சொல்கிறார். அப்படிப்பட்ட இடத்தில், சட்டிக்கு அடியில் தணலும் மூடிமேல் தணலுமாக வைத்து, ரொட்டியும் கறியும் சுட்டுக் கொடுத்தவரின் கைத்திறனை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. எவ்வளவு தணல், எப்போது எடுப்பது என்பதெல்லாம் அவர் மூக்குக்குத்தான் தெரியும்.

நமக்கு அந்தப் பாடு இல்லை. ஓவனை 180 டிகிரியில் சூடாக்கி, கேக் டின்னில் கைமாவை நிரப்பி, நடுவில் அவித்த முட்டைகளை வரிசையாகப் புதைத்து வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். கொத்திய கறி என்பதால் உட்புறம் 71 டிகிரியைத் தொட்டே ஆக வேண்டும். தக்காளி சாஸில் வினிகரும் வெல்லமும் குழைத்துக் கடைசிக் கால் மணியில் மேலே பூசுவேன். எடுத்தவுடன் கத்தி வைக்காதீர்கள். பத்து நிமிடம் ஆறினால்தான் சாறு உள்ளேயே தங்கும். மிஞ்சியதை மறுநாள் தோசைக்கல்லில் முறுகவிட்டு ரசஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால், முதல் நாளைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

கோலார் தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் ஒயிட்-குமார் ஆங்கிலோ-இந்தியச் சமையலை நூல்நூலாகத் தொகுத்திருக்கிறார். அதற்கு இணையான வேலை தமிழ்ச் சமையல்காரர்களின் பக்கமிருந்தும் நடக்க வேண்டும். ஹலசூரிலோ ஜோகுபாளையத்திலோ உங்கள் தாத்தா துரை வீட்டில் பட்லராகவோ சமையல்காரராகவோ இருந்திருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள். அவர் கைமாவுக்கு எதைச் சேர்த்தார், எந்தச் சட்டியில் சுட்டார், மிளகு எவ்வளவு போட்டார் என்று அவருடைய சொந்தப் பெயரைத் தலைப்பில் போட்டு எழுதி வையுங்கள்.