துப்பாக்கியின் கண்

எண் பெரிதாயிருப்பின் பொருளும் உயர்ந்ததாயிருக்கும் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. கைப்பேசி வாங்கப் புகுந்தால் அதன் படக்கருவிக்கு எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம். மோட்டார் சைக்கிள் வாங்கப் புகுந்தால் எத்தனை சி.சி. என்று கேட்கிறோம். துப்பாக்கியின்மேல் பூட்டும் ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் கண்ணாடியின் விஷயத்திலும் இதே வழக்கந்தான். 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது நல்லது. 16 மடங்கு அதனினும் நல்லது. 1 முதல் 4 மடங்கு வரை மட்டுமே காட்டுவதோ பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்! இக்கருத்து பிழையானது மட்டுமன்று, நம் நாட்டுத் தோட்டங்களில் அபாயமானதுமாகும் என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது.

தோட்டத்துக் கிராணிக்குத் துப்பாக்கியோடு என்ன சம்பந்தம் என வாசகர்கள் வினவக்கூடும். சம்பந்தம் இரண்டு. முதலாவது, நாம் குடியிருப்பது ஆயர் ஈத்தாமில் 'ரைபிள் ரேஞ்ச்' என வழங்கும் அடுக்குமாடிகளில். ஒரு காலத்தில் சுட்டுப் பழகும் திடலாயிருந்தமையால் மலாய் மொழியில் அவ்விடத்திற்குப் 'பாடாங் தெம்பாக்' என்று பெயர். 1960களின் கடைசியில் திடலின்மேல் வீடுகள் எழும்பத் தொடங்கிவிட்டன. இன்று அங்கே சுடுவது பிற்பகல் வெயில் ஒன்றே. இரண்டாவது சம்பந்தமே மெய்யானது. நாள்தோறும் ஜார்ஜ் டவுன் துறையில் ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த்தில் இறங்கி, செபராங் பிறையில் ஒரு தோட்டத்து ஆபீசில் வேலை பார்க்கிறோம். ஆங்கிலத்திற் படித்தவர் என்ற பெயர் நமக்கு இருப்பதால், உர விளம்பரம் முதல் தண்ணீர்ப் பம்பின் கையேடு வரை ஆங்கிலத்தில் அச்சான காகிதம் எதுவாயினும் நம் மேசைக்கே வந்து சேரும். அவ்வாறே சென்ற ஆண்டு ஸ்கோப் விலைப்பட்டியல்கள் நான்கும் வந்து சேர்ந்தன.

எங்கள் தோட்டத்தில் பால்மரம் ஏறக்குறைய முழுதும் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டுவிட்டது. மறுநடவு செய்த இளங்கன்றுகளின் குருத்தைத் தின்னக் காட்டுப்பன்றி வருகிறது. வேலியும் தகர ஓசையும் பயன்படாதபோது சுடுவதற்கு ஆளை அழைக்கிறார்கள். அவரிடம் இருப்பது 12 போர் துப்பாக்கி. இந்நாட்டில் துப்பாக்கி கடைச்சரக்கன்று. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி போலீசாரின் உரிமம் வேண்டும். காற்றுத் துப்பாக்கிக்கும் அப்படியே. பன்றியைச் சுடுவதற்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேறோர் உரிமம் வேண்டும். ரைபிள் வைத்துக்கொள்ளும் தனிமனிதர் இங்கு மிகச் சிலரே. ஆயினும் கண்ணாடியைப் பொறுத்த நியாயம் இரண்டிற்கும் ஒன்றுதான்.

சுடுபவருக்கு வயது 58. தோட்டம் முழுதும் அவரை அண்ணன் என்றே அழைக்கும், நாமும் அப்படியே. கை நடுக்கம் கிடையாது, குடி கிடையாது. ஆனால் வெள்ளெழுத்து வந்துவிட்டது. துப்பாக்கியில் குறி பார்ப்பதென்றால் குழலின் நுனியிலுள்ள சிறு மணியையும் அப்பாலுள்ள பன்றியையும் ஒருங்கே கண் தெளிவாகக் காணவேண்டும். இளங்கண் இரண்டிற்குமிடையே நொடியில் மாறிக்கொள்ளும். முதிர்ந்த கண்ணால் அது இயலாது. மணியைப் பார்த்தால் பன்றி மங்கும், பன்றியைப் பார்த்தால் மணி மறையும். ஸ்கோப்பினுள் குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தோன்றுவதால் இத்தொல்லை தீர்கிறது. எனவே அண்ணன் ஸ்கோப் கேட்டது நியாயமே. அவர் கேட்ட எண்தான் நியாயமன்று.

அதற்குக் காரணம் சொல்லுமுன் ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். ஒருநாள் காலை 7 மணி. நம் நாட்டுக் கடிகாரப்படி அப்போதுதான் கிழக்கு வெளுக்கும். செம்பனை நிரையின் நிழலில் கறுப்பாக ஏதோ குனிந்து அசைந்தது. அண்ணன் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டார். அந்தக் கறுப்பு இருமியது. உதிரிப்பழம் பொறுக்க நேரத்திற்கு முன்னரே வந்திருந்த வங்காளதேசத்து இளைஞன் அவன். குளிருக்காகத் தலைமேல் கறுத்த சட்டையொன்றைப் போர்த்தியிருந்தான். இருமல் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணன் அன்று துப்பாக்கியைப் பையிலிட்டுக் கட்டிவிட்டு ஒரு வாரம் தோட்டத்துப் பக்கம் வரவில்லை. வந்தபோது 16 மடங்கு ஸ்கோப் வேண்டும் என்றார்.

"ஏன் தம்பி, அவ்வளவு பெரிதாகக் காட்டினால் அது பன்றியா மனிதனா என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடுமே?" என்றார்.

"அண்ணே, மனிதன் என்று தெரிந்துகொள்ளும் அந்த நொடியில் குழல் யார்மேல் இருக்கும்?" என்றோம்.

அவர் பதில் சொல்லவில்லை; ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

ஸ்கோப் என்பது பார்ப்பதற்கான கருவியன்று, குறி வைப்பதற்கான கருவி. பார்ப்பதற்குப் பைனாகுலர் இருக்கிறது. அதன் முனையில் தோட்டா கிடையாது. என்னவென்று தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகத் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அதன்மேல் நீட்டுவதைப்போன்ற மடமை வேறில்லை. உலகெங்கும் வேட்டைக்காரர் மனிதரைச் சுட்டுவிட்டு விலங்கென்று நினைத்ததாகச் சொல்லும் செய்திகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனிக் கணக்கிற்கு வருவோம். கிராணிக்கு அதுதானே தொழில். 3 முதல் 9 மடங்கு காட்டும் சாதாரண ஸ்கோப்பை 9இல் வைத்தால், 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 4½ மீட்டர் அகலமே கண்ணிற் படும். அண்ணன் சுடுவது 30 மீட்டருக்குள். அந்தத் தூரத்தில் காட்சியின் அகலம் 1⅓ மீட்டர்தான். ஒரு பன்றியின் உடல் அதை நிரப்பிவிடும். பன்றிக்கு இரண்டு மீட்டர் அப்பால் ஒருவன் நின்றால் அவன் அக்கண்ணாடிக்குள் இல்லவே இல்லை. இதே தூரத்தில் 1 மடங்குக் கண்ணாடி பத்து மீட்டருக்கு மேற்பட்ட அகலத்தைக் காட்டும். அதிலும் மேலாக, 1 மடங்கில் இரண்டு கண்களையும் திறந்துவைத்தே குறி பார்க்கலாம்; ஸ்கோப் காட்டும் காட்சியும் வெறுங்கண் காணும் காட்சியும் ஒன்றாகப் பொருந்திவிடும். பக்கத்தில் நடப்பவன், பின்னால் வரும் சைக்கிள், லயத்து நாய் யாவும் கண்ணிற் படும். 4இல் வைத்தால் அகலம் நாலில் ஒரு பங்காகக் குறையும். எனவே குறி தீர்மானமான பின்னரே வளையத்தைத் திருப்பவேண்டும்.

மங்கல் வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 1-4×24 என்று எழுதியிருந்தால், 24 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 4 மடங்கில் 24ஐ 4ஆல் வகுக்க 6 மில்லிமீட்டர். இருளில் இளைஞரின் கண்பாவை ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதானவர்க்கு 5 அளவோடு நின்றுவிடும். ஆகவே அண்ணன் கண் வாங்கக்கூடிய ஒளி முழுவதையும் அச்சிறு குழாய் தந்துவிடுகிறது. 16 மடங்குக்கு 40 மில்லிமீட்டர்க் கண்ணாடியென்றால் வருவது 2½. விடியற்காலையில் அது இருட்டறைக்குள் சாவித்துளை வழியே பார்ப்பதை ஒக்கும்.

நிற்க. குறைந்த மடங்கு என்பது ஏழையின் சமாதானம் என்று எண்ணவேண்டா. ஆஸ்திரியாவில் உருவாகி மலேசிய ராணுவமும் எடுத்தாண்ட ஸ்டையர் ஆக் துப்பாக்கியைப் பாருங்கள். அதன் கைப்பிடிக்குள்ளேயே அமைந்த கண்ணாடி 1½ மடங்குதான். உள்ளே ஒரு கறுத்த வளையம் மட்டும் உண்டு. 300 மீட்டரில் நிற்கும் 180 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் அவ்வளையத்தை நிரப்புவான். அமெரிக்க மரீன் படையினர் 2020இல் தங்கள் துப்பாக்கிகளுக்குத் தேர்ந்துகொண்டது 1 முதல் 8 மடங்கு வரை மாறும் ஸ்கோப். ஆயினும் எண் சிறியது என்பதனாலேயே நன்மை வந்துவிடாது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பூட்டிய இசட்.எஃப். 41 என்னும் கண்ணாடியும் 1½ மடங்குதான்; கண்ணுக்கு வெகுதூரம் முன்னே வைத்ததால் காட்சி குறுகிப்போய்ச் சிப்பாய்கள் அதை விரும்பவில்லை.

கண்ணாடியே இல்லாமற் சுட்டவர்களும் உண்டு. அன்றைய சேலம் ஜில்லாவின் ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலியைத் தேடிய கென்னத் ஆண்டர்சன், வின்செஸ்டர் .405 ரைபிளை நம்பியே நடந்தார். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாய் நின்று சுட்ட நம் நாட்டு நூர் சுர்யானியின் காற்றுத் துப்பாக்கியில் பெருக்கும் கண்ணாடி கிடையாது. அப்போட்டியின் விதி அதனை அனுமதிப்பதில்லை. 10 மீட்டருக்கு அப்பால் அவர் குறி வைத்த நடுப்புள்ளியின் விட்டமோ அரை மில்லிமீட்டர்!

அட்டவணையில் கவனிக்கவேண்டியவை வேறு சிலவும் உண்டு. கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இருக்கவேண்டிய இடைவெளி 9 அல்லது 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும். 12 போர் உதைக்கும்போது அதற்குக் குறைந்தால் புருவம் கிழியும். குறுக்குக்கோடு முன் தளத்தில் இருந்தால், மடங்கைக் குறைக்கும்போது கோடும் மெலிந்து இருளில் மறைந்துவிடும். பின் தளத்தில் இருந்தால் எந்த மடங்கிலும் ஒரே தடிப்பாய் நிற்கும். தூரம் அளந்து சுடும் வித்தைக்கு முன்னது வேண்டும்; பன்றிக்குப் பின்னது போதும், சிவந்து ஒளிரும் நடுப்புள்ளி இருந்தால் இன்னும் நன்று. ஸ்கோப்பே இல்லாத வெறும் செம்புள்ளிக் கருவி இலேசாயும் மலிவாயும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் உருப்பிறழ்ச்சியுள்ள கண்ணுக்கு அப்புள்ளி வால்நட்சத்திரம் போலச் சிதறித் தோன்றும். அண்ணனுக்கு அப்படித்தான் தோன்றியது.

1 மடங்கு என்று எழுதியதெல்லாம் 1 ஆகிவிடாது. கடையில் இதைச் சோதிப்பது எளிது. இரண்டு கண்களையும் திறந்துகொண்டு வாசலிலுள்ள விளக்குக் கம்பத்தை ஸ்கோப் வழியே பாருங்கள். கண்ணாடிக்குள் தெரியும் கம்பமும் வெளியே தெரியும் கம்பமும் ஒரே தடிப்பாய்ச் சேர்ந்து நின்றால் வாங்கலாம். உள்ளிருப்பது பருத்தோ வளைந்தோ தோன்றினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகவேண்டியதில்லை, போகவும் கூடாது. எதை வாங்குவதாயினும் முதலில் உரிமம் கொடுத்த போலீஸ் நிலையத்தில் கேட்டறிந்துகொள்வது நலம்.

பினாங்கின் ஈரக்காற்று கண்ணாடிக்குச் சத்துரு. உள்ளே நைட்ரஜன் அடைத்து முத்திரையிட்டதாயினும் வெளிப்புறத்தில் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் மெருகை அரித்துவிடும். தோலுறையில் போட்டுப் பெட்டிக்குள் பூட்டிவைப்பதே பலர் வழக்கம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதை எண்ணுவதில்லை. ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வைப்பதே தக்கது. நம் வீட்டுப் பதினோராம் மாடியில் பழைய கேமரா ஒன்று இவ்விதத்தில் இன்னும் பிழைத்திருக்கிறது.

முடிவில் வாங்கப்பட்டது 1-4×24. மானேஜர் ஒதுக்கிய தொகை 16 மடங்குக்கானது. ஆகவே மீதி இருந்தது. அதில் 8×30 பைனாகுலர் ஒன்று வாங்கி அண்ணன் கழுத்தில் மாட்டினோம். பைனாகுலரால் பார்த்துப் பன்றி என்று தெளிந்தபின்னரே தோட்டா நிரப்புவது என்று அவரே ஒரு விதி வைத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் பன்றி தப்பியது. மூன்றாம் வாரம் ஒன்று விழுந்தது. இன்னும் கொஞ்சம் மீதி இருந்தபடியால், அந்தப் பகுதியில் வேலை செய்யும் 14 பேருக்கும் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு நிற மேற்சட்டைகள் வாங்கினோம். இருமிய இளைஞன் தன்னுடையதை ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கும் அணிந்துகொண்டு போகிறான்.

சட்டைகளின் விலையை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. 'உடை' என்னும் தலைப்பில் பணமில்லை. நாம் 'துப்பாக்கிச் சாமான்' என்று எழுதிவிட்டோம். துப்பாக்கிக்கு 14 சட்டைகள் எதற்கு என்று தணிக்கையாளர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார், பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.