அடகுச் சீட்டைக் கிழித்தவர்

மதுரையில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னை; அங்கிருந்து காரில் நான்கு மணி நேரத்தில் திருவண்ணாமலை. முழங்கால் வலியுள்ள எனக்கு மகன் வகுத்துத் தந்த வழி இது.

பதினாறு வயது வேங்கடராமன் 29.8.1896 அன்று மதுரையை விட்டுப் புறப்பட்டார். ரயிலிலும் கால்நடையாகவும் பசியோடு வந்து, செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் சந்நிதியை அடைந்தார். வழியில் கீழூரில் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தவர், அந்தச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டார். வங்கிப் பணியில் எத்தனையோ நகைக்கடன்கள் வழங்கியிருக்கிறேன். சீட்டைக் கிழித்தவர் எவரையும் கண்டதில்லை.

'ஓய்வு பெற்றபின் போகலாம்' என்றே தள்ளிவைத்தேன். உடன் வர ஆசைப்பட்ட மனைவி இன்றில்லை. ரமணாசிரமத்தில் பகவானின் சமாதி முன் தனியே அமர்ந்தேன். அவர் நான்காம் நாளில் அடைந்த இடத்தை அடைய எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. அன்பர்களே, நினைத்தபோதே புறப்பட்டுவிடுங்கள், துணை இருக்கும்போதே.