தபாலில் வந்த லில்லிக் கிழங்குகள்

கடைத்தெருவிற் சென்று பொருள் வாங்குவோர், அப்பொருளைக் கண்ணாற் கண்டு, கையால் எடுத்துப் பார்த்து, விலை பேசி வாங்குதல் வழக்கம். கத்தரிக்காயாயின் காம்பைப் பார்ப்பர். தேங்காயாயின் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பர். புடைவையாயின் முந்தியை விரித்து வெளிச்சத்திற் காட்டிப் பார்ப்பர். மலர்க்கிழங்கைத் தபால் வழியாக வாங்குவோர்க்கோ இவற்றுள் ஒன்றும் இயலாது. அவர் காண்பது படம், கொடுப்பது பணம், பெறுவது, உரித்த வெள்ளைப்பூண்டினை ஒத்த ஒரு பொருள். படத்திற் கண்ட மலர் அதனுள் அடங்கியுள்ளதோ இல்லையோ என்பதை மூன்று திங்கள் கழித்தே அறிதல் கூடும். ஆதலின் இவ்வாணிகம் பெரிதும் நம்பிக்கையின்மேல் நிற்பதாகும். 2024ஆம் ஆண்டில் எங்கள் இல்லத்திற்கு லில்லிக் கிழங்குகள் தருவிக்கும் பொறுப்பு என்பால் வந்தது. அதன் வாயிலாக யான் அறிந்தவற்றுள் சிலவற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

எங்கள் இல்லம் பாளையங்கோட்டையில் உள்ளது. என் அன்னையைப் பெற்ற ஆச்சி எங்களுடன் வாழ்கின்றார். இளமையில் நீலகிரியைச் சார்ந்த கோத்தகிரியில் செவிலியாகப் பணி புரிந்தவர் அவர். இப்பொழுது அவருக்கு வயது 83. கண்ணொளி பெரிதும் குன்றிவிட்டது. பகலையும் இரவையும் பிரித்தறிவார். முகங்களைக் குரலால் அறிவார். ஆயினும் மூக்கின் கூர்மை மட்டும் சிறிதும் மழுங்கவில்லை. முற்றத்து மல்லிகை அரும்பு நெகிழத் தொடங்கினால், எங்கள் எல்லோர்க்கும் முன்னர் அவரே அதனை உரைப்பார். ஒருநாள் மாலை யான் அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, "ஐயா, கோத்தகிரியில் நாங்கள் இருந்த வீட்டு வாசலில் வெள்ளை லில்லி நிற்கும். ஈஸ்டர் பண்டிகைக்கு அதைத்தான் ஆலயத்தில் வைப்போம். அந்த மணத்தை இன்னும் ஒரு தடவை அறிந்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறது" என்றார். 'போகலாம்' என்ற சொல்லைக் கேட்ட என் அன்னை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. மறுநாளே லில்லிக் கிழங்கு எங்கே கிடைக்கும் என்ற ஆராய்ச்சி எங்கள் இல்லத்தில் தொடங்கிற்று.

எங்கள் ஊர்ப்புறத்துச் செடிப்பண்ணைகளில் லில்லி என்று கேட்டால், மழை லில்லியைக் கொடுப்பர். சிலந்தி லில்லியைக் கொடுப்பர். மே மாதத்திற் செந்நிறப் பந்துபோல் மலரும் பந்து லில்லியையும் கொடுப்பர். இவையெல்லாம் அழகிய மலர்களே. நம் நாட்டு வெயிலையும் பொறுப்பவையே. எனினும் பயிர்நூலார் இவற்றை லில்லிக் குடும்பத்துள் வைத்தெண்ணுவதில்லை. மூன்றும் அமரில்லிஸ் என்னும் வேறொரு குடும்பத்தைச் சார்ந்தவை. உண்மை லில்லியாகிய லிலியம் என்னும் இனம் பெரும்பாலும் குளிர்நாடுகளுக்கு உரியது. அதனுள் ஏறக்குறைய 100 வகைகள் உள்ளன. தமிழ்நாட்டின் அரச மலராகிய செங்காந்தளையும் ஆங்கிலேயர் லில்லி என்றே அழைத்தனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கிவரும் பகுதியில் முதற்கண் நிற்பது இக்காந்தளே. அதன் கிழங்கு கலப்பையின் வடிவுடையதாதலின் கலப்பைக்கிழங்கு என்றும் அதனை மக்கள் வழங்குவர். அது நஞ்சுடையது. அதுவும் உண்மை லில்லியன்று. லில்லி என்னும் ஒரு பெயரை எத்தனை மலர்கள் பங்கிட்டுக்கொண்டன என்று எண்ணுங்கால், பெயரை மட்டும் நம்பிக் கிழங்கு வாங்குதல் எத்துணை இடர் உடையது என்பது விளங்கும்.

ஆயின் ஆச்சி கூறிய வெள்ளை லில்லி யாது? இதனைத் தெளிந்த பின்னரே பணம் அனுப்புதல் வேண்டும் என்று துணிந்தேன். நீலகிரி மலையில் வெள்ளை லில்லி என்று சொல்லத்தக்க மலர்கள் மூன்று உள. முதலாவது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய நீலகிரி லில்லி. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பயிர்நூற் புலவர் அதற்கு நீலகிரியின் பெயரையே சூட்டினார். அவருடைய நூல்களுக்கு ஓவியம் தீட்டியவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள் என்பது நாம் மறத்தற்கரியது. இரண்டாவது, ஓடைக்கரைகளில் மண்டி வளரும் ஆரம் லில்லி. அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து அம்மலையைத் தன் ஊராக்கிக்கொண்டது. மூன்றாவது, நீண்ட எக்காளம் போன்ற மலரையுடைய ஈஸ்டர் லில்லி. ரியூக்யூ தீவுகளும் தைவானும் அதன் தாய்நிலங்கள்.

இம்மூன்றனுள் எது என்று அறிய, ஆச்சியிடம் இரண்டு வினாக்கள் வினவினேன். "எம்மாதத்தில் மலரும்?" என்றதற்கு, "ஈஸ்டரை ஒட்டித்தான்" என்றார். நீலகிரி லில்லியோ மழைபெய்யும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மலர்வது. ஆதலின் அது நீங்கிற்று. "மணம் எத்தகையது?" என்றதற்கு, "இரவு வேலை முடிந்து வரும்போது வாசற்கதவைத் திறக்கும் முன்னே தெருவில் நின்று அறியலாம்" என்றார். ஆரம் லில்லிக்கு அத்தகைய மணம் இல்லை, அதுவும் நீங்கிற்று. எஞ்சியது ஈஸ்டர் லில்லி. கண் தெரியாதவர் கூறிய சான்று, விலைப்பட்டியலிற் கண்ட வண்ணப்படங்கள் அனைத்தினும் தெளிவுடையதாய் இருந்தது.

விலைப்பட்டியலிலோ வண்ணங்கள் கண்ணைப் பறித்தன. என் தந்தையார் செம்மஞ்சள் நிறத்ததாகிய ஆசியாட்டிக் வகையை விரும்பினார். அது விலையும் குறைவு, விரைந்தும் மலரும். ஆனால் அவ்வகைக்கு மணம் இல்லை. ஓரியண்டல் வகைக்கு மணம் மிகுதி. ஆயின் வெப்பத்தைப் பொறாது, மலர்தற்கும் நாள் மிகுதியாகும். ஈஸ்டர் லில்லியோ மணமும் உடையது. ஏனையவற்றை நோக்க வெப்பத்தையும் ஓரளவு பொறுப்பது. கண்ணுடையார்க்கு வாங்குவதாயின் தந்தையார் விரும்பியதே தக்கது. இம்மலர் யாருக்கு என்று அன்னை ஒருமுறை நினைவூட்டியதும், தந்தையார் உடனே இசைந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் நலம். எங்கள் தெருவில் உள்ள ஒருவர், நீல நிற லில்லியின் படத்தைக் கைபேசியிற் கண்டு பணம் அனுப்பினார். வந்த கிழங்குகள் மலர்ந்தபொழுது அவை வெறும் மழை லில்லிகளாய் இருந்தன. உண்மை லில்லி இனத்துள் இயற்கையாய் அமைந்த நீலமலர் கிடையாது. இஃதறிந்தோர் அப்படத்தைக் கண்டவுடனே விற்பவரின் தன்மையையும் அறிந்துகொள்வர். அயல்நாடுகளிலிருந்து நேரே கிழங்கு தருவித்தலும் எளிதன்று. 2003ஆம் ஆண்டின் பயிர்த்தடுப்புக் காப்பு ஆணைப்படி, இறக்குமதி இசைவும், அனுப்பும் நாட்டார் தரும் நோயின்மைச் சான்றும் வேண்டும். பயிர்நோய் கிழங்கினுள் ஒளிந்து கடல் கடவாமற் காப்பதற்கே இவ்வேற்பாடு. ஆதலின் நம் நாட்டு மலைப்பண்ணை ஒன்றிலிருந்தே 12 கிழங்குகள் அனுப்புமாறு எழுதினோம்.

பொருள் கைக்கு வந்த பின்னரே தபால்காரரிடம் விலையைச் செலுத்தும் வி. பி. பி. முறை இந்தியத் தபாலில் 1877ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. காணாத வணிகனைக் காணாத வாங்குவோன் நம்புதற்கு அஃது ஒரு பாலமாயிற்று. ஆயினும் லில்லிக் கிழங்கின் வழிப்பயணம் ஏனைய பொருள்களின் பயணம் போன்றதன்று. வெங்காயத்திற்கு உலர்ந்த மேற்றோல் உண்டு. லில்லிக் கிழங்கிற்கு அஃது இல்லை. செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய வெற்றுடம்பே அதன் வடிவம். உலர்ந்தால் சுருங்கும், நனைந்தால் அழுகும். எனவே சிறு துளைகளிட்ட பையினுள், ஈரம் சிறிதே உடைய மரத்தூளிலோ தென்னைநார்த் துகளிலோ பொதிந்து அனுப்புவர்.

லில்லிக் கிழங்கைத் தொலைவிலிருந்து தருவிக்க அரும்பாடு பட்டவருள் எர்னஸ்ட் ஹென்றி வில்சன் என்னும் ஆங்கிலேயர் குறிப்பிடத்தக்கவர். சீனத்தின் மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அரச லில்லி என்னும் வெண்மலரைக் கண்டு, 1910ஆம் ஆண்டில் அதன் கிழங்குகளைத் திரட்டச் சென்றார். அப்பொழுது மலைச்சரிவிலிருந்து கற்கள் உருண்டு அவர் காலை முறித்தன. படப்பெட்டியின் முக்காலியை ஒடிந்த காலுக்கு அணைகட்டையாக வைத்துக் கட்டினர். பாதையோ ஒடுங்கியது, எதிரே கோவேறு கழுதைகளின் நீண்ட வரிசை வந்தது. திரும்ப இடமின்மையால் அவர் பாதையின் குறுக்கே படுத்துக்கொள்ள, அவ்விலங்குகள் ஒவ்வொன்றாய் அவரைத் தாண்டிச் சென்றன. ஒன்றேனும் அவரை மிதித்திலது. அவர் காத்திருந்த கிழங்குகள் பாஸ்டன் நகரம் சேர்ந்து மலர்ந்தன. வில்சனோ வாழ்நாள் முழுதும் சற்று நொண்டியே நடந்தார்.

எங்கள் கிழங்குகளுக்கு அத்துணை இடர் நேரவில்லை. எனினும் வழியில் மழையால் தாமதமாகிப் பதினோராம் நாளே வந்து சேர்ந்தன. பையைத் திறந்தபோது மூன்று கிழங்குகள் அழுகியிருந்தன. எஞ்சிய ஒன்பதையும் ஆச்சி தம் மடியில் வைத்து, ஒவ்வொன்றாய் விரலால் தடவி, "இது உறுதி, இது கொஞ்சம் மெலிவு" என்று பிரித்தார். நவம்பர் 23ஆம் நாள், சனிக்கிழமை காலை, அவற்றைத் தொட்டிகளில் நட்டோம். லில்லியை ஆழமாக நடுதல் வேண்டும். ஏனெனில் கிழங்கின் அடியிலன்றி, கிழங்கிற்கு மேலுள்ள தண்டிலும் அது வேர்விடும். செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கிய இலையுரமும் சம அளவிற் கலந்தோம். வடகிழக்குப் பருவமழையின் நீர் தேங்காதவாறு தொட்டிகளைத் தாழ்வாரத்தில் வைத்தோம். கிறிஸ்துமஸுக்கு முன் ஏழு கிழங்குகள் முளைவிட்டன. இரண்டு முளைக்கவேயில்லை. தை மாதத்தில் தண்டுகள் முழங்கால் அளவு உயர்ந்தன. அண்டை வீட்டுப் பூனை தாழ்வாரத்தில் உலவுதல் கண்டு, தொட்டிகளைச் சுற்றி வலையிட்டோம். லில்லியின் இலையும் மகரந்தமும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும் ஆற்றல் உடையவை. பூனை வளர்ப்போர் இதனைக் கட்டாயம் அறிதல் வேண்டும்.

ஏழனுள் ஐந்து செடிகள் அரும்பின. பாளையங்கோட்டையின் மாசி வெயில் அவ்வரும்புகளைப் பண்டிகை வரையில் காத்திருக்க விடவில்லை. 2025ஆம் ஆண்டில் ஈஸ்டர் ஏப்ரல் 20ஆம் நாள் வந்தது; முதல் மலரோ மார்ச்சு 9ஆம் நாள், லெந்து நாட்களின் முதல் ஞாயிறன்றே விரிந்துவிட்டது. ஆலயத்திற்கு ஒரு மலரும் எஞ்சாது என்று அன்னை வருந்தினார். அன்று மாலை தொட்டியை ஆச்சியின் கட்டிலருகே கொண்டு வைத்தேன். அவர் முதலில் முகரவில்லை; இதழ்களை விரலால் எண்ணி, "ஆறு" என்றார். பின்னர்க் குனிந்து நெடுநேரம் இருந்தார். "மணம் அதுதான். ஆனால் அங்கே குளிரில் இன்னும் கனமாக இருக்கும்" என்றார். சற்றுப் பொறுத்து, அந்த வாசலில் அக்கிழங்குகளை நட்டவர் தம்முடன் பணி புரிந்த மற்றொரு செவிலி என்றும், அவர் அங்கேயே காய்ச்சலால் இளவயதில் இறந்தார் என்றும், அவர் பெயரையே தம் மகளுக்கு இட்டதாகவும் கூறினார். தம் பெயர் யாருடைய பெயர் என்பதை என் அன்னை அன்றுதான் அறிந்தார். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அவர் அதனைக் கேட்டதுமில்லை, ஆச்சி சொன்னதுமில்லை.

மலர்கள் இரண்டு வாரத்தில் உதிர்ந்தன. இலைகள் தாமே மஞ்சளாகும் வரை வெட்டாமல் விட்டோம்; அடுத்த ஆண்டிற்கு வேண்டிய உணவைக் கிழங்கு இலைகளிலிருந்தே பெறுகின்றது. எனினும் சமவெளியில் வாழும் லில்லிக்கு மற்றொரு குறை உண்டு. ஏறக்குறைய ஆறு வாரக் குளிர் பெறாவிடில் அது மீண்டும் செவ்வையாய் மலராது. மலைப்பண்ணையினர் முதலாண்டுக்கு வேண்டிய குளிரைக் கொடுத்தே அனுப்புகின்றனர். அடுத்த ஆண்டின் குளிரை வாங்கியவரே கொடுத்தல் வேண்டும். இதனை அறியாதோர், ஓராண்டு மலர்ந்து மறு ஆண்டு மலராத கிழங்கைக் கண்டு விற்றவரைப் பழிப்பர். எங்கள் கிழங்குகள் ஈரமான தென்னைநார்த் துகளிற் பொதியப்பெற்று, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இடம்பெறும். ஆப்பிள் முதலிய பழங்கள் விடும் ஆவி கிழங்கின் முளையைக் கெடுக்குமாதலின், பழங்களுக்கு அப்பெட்டியில் ஆறு வாரம் இடமில்லை என்று அன்னை ஆணையிட்டிருக்கின்றார்.

அன்பர்களே, தபால் வழிக் கிழங்கு வாங்க எண்ணுவோர் விலைப்பட்டியலைத் திறக்குமுன் இரண்டினை ஆராய்தல் வேண்டும். நட இருக்கும் நிலம் எத்தகையது என்பது ஒன்று. அம்மலரைப் பெற இருப்பவர் யார், அவர் உள்ளத்தில் உள்ள மலர் எது என்பது மற்றொன்று. இவ்விரண்டினையும் எந்தப் பண்ணையாரும் அச்சிட்டு அனுப்புவதில்லை. இல்லத்தில் உள்ள முதியோரிடம் அமர்ந்து கேட்டால்தான் அவை கிடைக்கும். கேட்கும் காலமோ எல்லையுடையது. ஆச்சி இப்பொழுது, தொட்டிகளை எப்பொழுது மீண்டும் நடப்போகிறோம் என்று வாரம் ஒருமுறை வினவுகின்றார். 'போகலாம்' என்ற பேச்சை அவர் எடுப்பதில்லை.