வெள்ளத்தினிடையே கிறிஸ்து ஜயந்தி

2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்கோடிக் கடற்கரையிற் பெய்த பெருமழையை இம்மலரை வாசிப்போர் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, உப்பளங்கள் மூழ்கின, தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் நின்றது.

ஜயந்திக்கு ஒரு வாரமே இருந்தது. நட்சத்திர விளக்கேற்ற மின்சாரமில்லை; பலகாரத்திற்கு இடித்த மாவும் நனைந்துபோயிற்று. மாடியில் ஒதுங்கியிருந்த நான் ஜெபிக்க முயன்றேன்; வார்த்தை எழவில்லை.

மறுநாட் காலையில் பரதவர் ஒருவர் தம் வள்ளத்தைத் தெருவிற் செலுத்திவந்து குடிநீரும் ரொட்டியும் கொடுத்தார். அவர் வீடும் மூழ்கியிருந்ததாம். அதனை அவர் சொல்லவில்லை, உடன்வந்த சிறுவன் சொன்னான். சத்திரத்தில் இடமில்லாதிருந்த வரலாற்றை ஆண்டுதோறும் கேட்டிருக்கிறேன். இடமிழந்தாரோடு இருக்கவே கர்த்தர் அவ்வாறு பிறந்தாரென்பது அன்றுதான் என் உள்ளத்திற் பதிந்தது.

ஜயந்தியன்று ஆலயத்தில் சேறு கழுவிய ஈரத்தரையில் அமர்ந்து பாடினோம். அச்சிறுவனும் வந்திருந்தான்.