ஐந்தருவி ஊரில் ஐந்தாற்று விருந்து

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். வள்ளுவர் ஒன்பதாம் அதிகாரத்தில் போற்றும் விருந்தினர், நாளும் வந்து போகும் மாமனும் மச்சானும் அல்லர். வாயிலில் புதியவராய் வந்து நிற்பவரே ஆவர். வகுப்பறையில் இதனைப் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஆயினும் அதன் முழுப்பொருளை நாங்கள் உணர்ந்த இடம் எங்கள் வீட்டு அடுக்களையே.

எங்கள் மகன் பஞ்சாப் மாநிலத்து ஜலந்தர் நகரில் பொறியியல் பயின்றான். இரண்டாம் ஆண்டில் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. நாங்கள் பதறிப் புறப்படுமுன்பே, உடன் பயின்ற சீக்கிய மாணவனின் தாயார் அவனைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றுவிட்டார். பதினைந்து நாள் கஞ்சியும் கிச்சடியும் கொடுத்து உடல் தேற்றி அனுப்பினார். அக்குடும்பத்தார் சென்ற ஆடி மாதம் குற்றாலச் சாரலைக் காண வருவதாகத் தொலைபேசியில் கூறியபோது, எங்கள் இல்லம் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஓர் இரவு விருந்து எங்கள் வீட்டில்தான் என்று வேண்டிக்கொண்டோம்.

முதற்பட்டியல் அன்றிரவே எழுதப்பட்டது. மட்டன் பிரியாணி, கோழி வறுவல், ஈரல் என்று எங்கள் உம்மா சொல்லச் சொல்ல எழுதினோம். பட்டியலைக் கண்ட மகன் தயங்கினான்.

"வாப்பும்மா, அவங்க அமிர்தம் எடுத்தவங்க. நாம அறுக்கிற கறியை அவங்க சாப்பிடக்கூடாது" என்றான்.

உம்மாவின் முகம் வாடிற்று. "பிஸ்மி சொல்லி அறுத்தது ஆகாதாக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டார், எழுந்து போய்விட்டார்.

மகன் கூறியது உண்மையே. 1945 ஆம் ஆண்டில் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்றுக்கொண்ட 'ரஹித் மரியாதா' என்னும் சீக்கிய ஒழுக்கநெறி, தீட்சை பெற்றோர்க்கு விலக்கியவற்றுள் இஸ்லாமிய முறைப்படி அறுத்த இறைச்சியும் ஒன்று, புகையிலையும் ஒன்று. நாங்கள் எண்ணிப் பார்த்தோம். எத்தனை நண்பர் வீட்டுத் திருமணங்களில் "கறி எந்தக் கடையில் வாங்கியது?" என்று மெல்ல வினவி, சோறும் ரசமும் மட்டும் உண்டு எழுந்திருக்கிறோம்! அவ்வீட்டார் உள்ளம் அப்போது எவ்வாறு இருந்திருக்கும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

"அந்தப் பதினைந்து நாளும் அவர்கள் வீட்டில் கறி சமைத்தார்களா?" என்று மகனிடம் கேட்டோம்.

"இல்லை. முதல் நாளே எனக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டில் யாருக்குமே கறி கிடையாது. எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை."

இதனை உம்மாவிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் இப்ராஹீம் நபியின் வரலாற்றைத் தாமே தொடங்கினார். வந்த விருந்தினர்க்கு அந்நபி கன்றைப் பொரித்து வைத்தார். வந்தோர் கை அதன்பால் நீளவில்லை. நபியின் உள்ளம் அஞ்சிற்று. வந்தவர் மலக்குகள் என்பது பின்னரே தெரிந்தது. திருக்குர்ஆனில் ஹூத் அத்தியாயம் கூறும் நிகழ்ச்சி இது. சொல்லி முடித்த உம்மா, "சாப்பிடலேன்னா பகைன்னு அர்த்தமில்லை. அந்தச் சீட்டைக் கிழிச்சுட்டு வேற எழுது. சட்டியும் புதுசா வாங்கிரு" என்றார்.

இரண்டாம் பட்டியல் பஞ்சாபி உணவுகளுக்கானது. பஞ்சாபியர் போற்றும் கடுகுக்கீரைக் கடைசலும் மக்காச்சோள ரொட்டியும் பனிக்காலத்திற்கு உரியவை, ஆடியில் பொருந்தா. ஆதலின் ராஜ்மா, கொண்டைக்கடலைக் குழம்பு, மோரும் கடலைமாவும் சேர்த்த 'கடீ', ஃபுல்கா ரொட்டி, லஸ்ஸி என எழுதினோம். இறுதியாக 'மாஹ் தி தால்' என்று ஒன்றை மகன் சேர்த்தான். 'மாஹ்' என்பது யாதென ஆராய்ந்தபோது வியப்பே உண்டாயிற்று. வடமொழி 'மாஷ' என்பதன் திரிபாகிய அது, நம் கறுப்பு உளுந்தே! நெல்லைச் சீமையின் உளுந்தஞ்சோற்றில் தோலோடு வேகும் அதே உளுந்துதான் அங்கே வெண்ணெயோடு கடையப்படுகிறது.

விருந்தன்று காலை மற்றொரு சிக்கல் எழுந்தது. உம்மாவின் பீடித்தட்டு திண்ணையில் இருந்தது. வாப்பா மறைந்தபின் எங்களைப் படிக்கவைத்தது அத்தட்டே. எம்.ஃபில். தேர்வுக்குக் கட்டிய பணத்திலும் அந்தப் புகையிலையின் மணம் இருந்தது. அதனைப் பரணில் மறைத்து வைக்கலாமா என்று மெல்லக் கேட்டோம்.

"மறைச்சு வைக்க அது களவுச் சாமானா? வாடை அவங்களுக்கு ஆகாதுன்னா பக்கத்து வீட்டில் வைக்கிறேன். கேட்டாங்கன்னா சொல்லுவேன்" என்றார் உம்மா.

எங்களுக்கு நாணமாயிற்று.

மாலையில் விருந்தினர் ஐந்தருவியில் நீராடிவிட்டு, மங்குஸ்தான் பழக்கூடையோடு வந்து சேர்ந்தனர். 'பஞ்ச் ஆப்' என்றால் ஐந்து நீர் என்று விளக்கிய அப்பெரியவர், "எங்கள் ஐந்து ஆறுகளையும் 1947 இல் பிரித்துவிட்டார்கள். உங்கள் ஐந்தும் ஒரே பாறையில் விழுகின்றன" என்று கூறிச் சிரித்தார். அச்சிரிப்பின் அடியில் வேறொன்றும் இருந்தது.

அடுக்களையிலோ எங்கள் ஃபுல்காக்கள் உப்ப மறுத்து அப்பளங்களாயின. ஓசை கேட்டு உள்ளே வந்த அம்மையார், கேளாமலே கை கழுவிவிட்டு மாவை உருட்டத் தொடங்கினார். அப்போது புதுச்சட்டி ஒன்றிலிருந்து பூண்டும் வெந்தயமும் தேங்காயும் கலந்த மணம் வந்தது. உம்மா தமக்கென வைத்திருந்த உளுந்தஞ்சோறு அது. "இது என்ன?" என்றார் அம்மையார். "மாஹ்தான், அரிசியோடு" என்றான் மகன்.

அவ்வளவுதான். எள்ளுத் துவையலோடு அவர்கள் மும்முறை கேட்டு வாங்கி உண்டது உளுந்தஞ்சோற்றையே. ஆயிரத்தைந்நூறு கல்லுக்கு அப்பாலிருந்து வந்தவர்க்குத் தம் ஊர் உணவையே படைக்க நினைத்த எங்கள் பேதைமையை என்னென்பது! ராஜ்மாவை மறுநாளும் அதற்கு மறுநாளும் நாங்களே உண்டு தீர்த்தோம்.

உண்டபின் அம்மையார் உம்மாவின் தேய்ந்த விரல்நுனிகளைக் கண்டு காரணம் வினவினார். உம்மா மறைக்காமல் சொன்னார், மகன் மொழிபெயர்த்தான். புகையிலை என்ற சொல் வந்தபோது நாங்கள் தலை குனிந்தோம். அம்மையாரோ ஒன்றும் பேசாமல் அவ்விரு கைகளையும் எடுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

விருந்தோம்பல் அதிகாரத்தை இப்போது நடத்தும்போது மாணவர்க்கு ஒன்று கூடுதலாகச் சொல்கிறோம். வருபவரிடம் எதை உண்பீர் என்று கேட்பதோடு, எதை உண்ணமாட்டீர் என்றும் கேளுங்கள். விடையைக் கேட்டபின் உங்கள் முகம் வாடாதிருக்கட்டும்.