காலை ஆறு மணிக்கு நம்ம ஊர்க் குரல்

மதுரைக்குத் தெற்கே ஒரு கல்லூரி வளாகம். நூலகத்தின் பின்பக்கம் இரண்டு சிறிய அறைகள்தான் நிலையம். ஒன்றில் ஒலிப்பதிவு, மற்றதில் ஒலிபரப்பு. சுவரெங்கும் துளை போட்ட பலகையும் பஞ்சும். சமுதாய வானொலியின் ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட்டைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குள் நின்றுதான் சுற்றுவட்டார ஊர்களை எழுப்புகிறது இவர்களுடைய காலை நிகழ்ச்சி. அதன் ஒரு வார வேலையைப் பார்க்கத்தான் அங்கே போயிருந்தேன்.

திங்கட்கிழமை விவசாயி, மறுநாள் மருத்துவம், வாரக் கடைசியில் புத்தகமும் சினிமாவும் என்று நிகழ்ச்சி நிரல் ஓடுகிறது. அறிவிப்பாளர் இதே கல்லூரியில் படித்த பெண். ஒலிப்பதிவாளர் முன்பு கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்செட் கட்டியவர். யார் வந்து உட்கார்ந்தாலும் “காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வந்தவர் இட்லி, சட்னி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மீட்டரில் முள் எங்கே ஆடுகிறது என்று பார்த்து, குரலின் அளவைச் சரிசெய்துவிடுகிறார். பதற்றமும் பாதி இறங்கிவிடுகிறது.

மருத்துவப் பகுதிக்கு வந்தவர் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். மைக்கைப் பார்த்ததும் அவருக்கு அலுவலகத் தமிழ் வந்துவிட்டது. “கர்ப்பிணித் தாய்மார்கள் இரும்புச் சத்து மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ள வேண்டும்” என்று சுற்றறிக்கை வாசிப்பதுபோலப் பேசினார். அறிவிப்பாளர் குறுக்கிடவில்லை. கையிலிருந்த கேள்வித்தாளை மட்டும் கவிழ்த்து வைத்தார்.

“அம்மா, நீங்க முதன்முதலாப் பிரசவம் பார்த்த வீடு ஞாபகம் இருக்கா?”

செவிலியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஓட்டு வீடு பாப்பா. வெளிய மழை. அரிக்கேன் வெளிச்சந்தான். எனக்குக் கை நடுங்குது. அந்தப் பொண்ணோட மாமியாதான் எனக்குத் தைரியம் சொன்னாங்க” என்றார். அதன் பிறகு ரத்தசோகையைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் அவர் சொன்னதெல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதாகவே இருந்தது. சொன்ன விஷயம் பழையதுதான். இனி அதை ஊர் கேட்கும்.

பதிவு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, காலி அறையின் சத்தத்தையும் ஒலிப்பதிவாளர் கொஞ்சம் பதிந்துகொண்டார். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் இந்த வெற்றுச் சத்தத்தை அடியில் ஓடவிட்டால்தான் ஒட்டு தெரியாது. நீளமான பேட்டி கால் மணி நேரமாகச் சுருங்க வேண்டும். “வந்து”, “அதாவது” என்பவற்றில் பாதி போய்விடும். முழுவதையும் எடுத்தால் பேசுபவர் மனுஷராகத் தெரிய மாட்டார் என்கிறார். செவிலியர் பேசாமல் இருந்த அந்த இடத்துக்கு வந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். “இதைத் தொட மாட்டேன் சார். இதுக்கப்புறம்தான அவங்க பேசவே ஆரம்பிக்கிறாங்க.”

விமர்சனப் பகுதிக்கும் இதே கவனம் உண்டு. புத்தகத்தின் பெயரையும் விலையையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்; கேட்பவர் அடுப்படியில் நின்றிருப்பார், பேனா தேட நேரம் வேண்டும். சினிமா விமர்சனம் சொல்ல வந்தவர் தையல் கடை வைத்திருக்கும் பெண். முடிவைச் சொல்லிவிடக் கூடாது, பிடித்ததோ பிடிக்காததோ ஒரு காட்சியையாவது விவரிக்க வேண்டும் என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை. கதாநாயகியின் அம்மாவுக்குப் படம் முழுக்க ஒரே ரவிக்கைதானா என்று அவர் கேட்டார். ஏழைக் குடும்பத்தை எடுப்பவர்கள் அந்த வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்ததில்லை என்பது அவருடைய தீர்ப்பு. பத்திரிகை விமர்சனம் எதிலும் இந்தக் கண்ணை நான் பார்த்ததில்லை.

சங்கடம் திங்கட்கிழமைப் பேட்டியில் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்று விவசாயி சொன்னார். யாரால் வரவில்லை என்றும் சொன்னார். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். நீண்ட பேச்சுக்குப் பிறகு பெயரை எடுத்துவிட்டு, அவருடைய அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. மீனவர்களுக்கென்றே பாம்பனில் கடல் ஓசை என்ற வானொலி 2016இல் வந்தது. இத்தனைக்குப் பிறகும், ஊருக்கு மிக அருகில் இருக்கும் வானொலி அந்த ஊரில் நடந்ததைச் செய்தியாகச் சொல்ல முடியாது என்பது நியாயமே இல்லை.

தன்னார்வலர்கள் பலருக்குப் பேருந்துக் கட்டணம் மட்டுமே கிடைக்கிறது. விளம்பரத்துக்கு மணிக்கு இத்தனை நிமிடம் என்ற கட்டுப்பாடும் உண்டு. இப்போது வேறொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. செல்போனில் எஃப்.எம். கேட்க இயர்போன் கம்பிதான் ஆன்டெனா. புதிய போன்கள் பலவற்றில் அதைச் செருகத் துளையே இல்லை. எஃப்.எம். வசதியை முடக்க வேண்டாம் என்று மத்திய அரசு 2023இல் போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது.

அடுத்த போன் வாங்கும்போது கடைக்காரரிடம் எஃப்.எம். இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பக்கத்தில் ஒரு சமுதாய வானொலி இருந்தால் ஒரு நாள் நேரில் போய், நீங்கள் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள். அவர்களுக்குக் குரல்கள் தேவைப்படுகின்றன.